குடும்பம் என்ற கட்டத்தில் யார் பெயர்? தன்பாலீர்ப்புள்ள முன்னாள் படைவீரர் செய்து வைக்க வேண்டிய காகித வேலைகள்

வெலிங்டனில் 1987-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தேன். 24 வருஷம் முடித்து ஹவில்தாராக வெளியே வந்தேன். இப்போது குன்னூர் பக்கம் எடப்பள்ளியில் இரண்டு சென்ட் இடத்தில் வீடு. என்னோடு அந்த வீட்டில் இருப்பவர் ஓர் ஆண். ஜவான்களுக்கு யூனிஃபார்ம் தைத்தவர். ஊரில் அவரை டெய்லர் என்பார்கள், என்னைப் பட்டாளத்தார் என்பார்கள். ஒரு கணவனும் மனைவியும் எப்படி ஒரு வீட்டை நடத்துவார்களோ அப்படித்தான் 13 வருஷமாக நடத்துகிறோம். ஒரே அடுப்பு, ஒரே கணக்கு நோட்டு.

ராணுவத்தின் எந்தக் காகிதத்திலும் அவர் இல்லை. நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் இருக்க அவருக்கு உரிமை உண்டா, என் உடலை அவர் வாங்க முடியுமா என்று மூன்று வருஷத்துக்கு முன்புதான் உட்கார்ந்து யோசித்தேன். அதற்குப் பிறகு செய்ததையெல்லாம், என்னைப் போன்ற மற்ற முன்னாள் படைவீரர்களுக்காக எழுதுகிறேன். இந்த மலையில் நான் ஒருவன் மட்டும் இப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

சர்வீசில் இருக்கும் தம்பிகளுக்கு முதலில் ஒரு வார்த்தை. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-வது சட்டப்பிரிவை, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருக்கும் உறவுக்கு மட்டும் 2018 செப்டம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட் விலக்கியது ஊருக்கெல்லாம் பொருந்தும், உங்கள் கம்பெனிக்குள் முழுசாக வந்து சேரவில்லை. 1950-ம் வருஷ ராணுவச் சட்டத்தின் 46-வது பிரிவில் ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தை என்ற குற்றம் இன்னும் இருக்கிறது. ஏழு வருஷம் வரை சிறை. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க அரசியலமைப்பின் 33-வது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. தீர்ப்பு வந்து நாலு மாதத்தில், 2019 ஜனவரியில், அப்போதைய தளபதி பிபின் ராவத் ராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அதனால் கீழே சொல்லும் வேலைகளில் உயில், வங்கி ஆகிய இரண்டை மட்டும் இப்போது செய்யுங்கள். அதையும் வெளியே உள்ள வக்கீலிடம் செய்யுங்கள், யூனிட் கிளார்க்கிடம் கொண்டு போகாதீர்கள். வெளியே வந்தவர்கள் மீதும், சர்வீஸ் காலத்து விஷயத்துக்காக ஓய்வுக்குப் பிறகு 3 வருஷம் வரை விசாரணை தொடங்க 123-வது பிரிவில் இடம் உண்டு. அந்தக் காலம் தாண்டியவர்கள் தைரியமாக நடக்கலாம்.

உறவுமுறை என்ற கட்டத்தில் பொய் எழுதாதீர்கள்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் என் தப்பு. எனக்கு நெஞ்சுவலி வந்து ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, அட்மிஷன் ஃபாரத்தில் ‘உடனிருப்பவர்’ என்ற இடத்தில் டெய்லர் பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் ‘தம்பி’ என்று போட்டேன். பழக்கம் அது. பட்டாளத்தில் இருந்த காலம் முழுக்க, யார் கேட்டாலும் தம்பி, சித்தப்பா பையன், ஊர்க்காரன் என்றே சொல்லி வந்தவன். இரவு பத்து மணிக்கு ஐசியூ வாசலில் அவருடைய ஆதாரை வாங்கிப் பார்த்தார்கள். அப்பா பெயர் வேறு, ஊர் வேறு. பொய் சொல்லி உள்ளே வரப் பார்க்கிறான் என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். இரண்டு ராத்திரி. ஜூலை மாதக் குன்னூர் காற்றும் சாரலும் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே, கோயம்புத்தூரிலிருந்து என் அக்கா வந்து கையெழுத்துப் போடட்டும் என்று காத்துக் கிடந்தேன்.

நண்பர் என்று எழுதியிருந்தால் விட்டிருப்பார்களா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொய்யன் என்று நிறுத்தியிருக்க முடியாது. இப்போது எந்த ஃபாரம் ஆனாலும் ‘நண்பர், ஒரே வீட்டில் வசிப்பவர்’ என்று எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் தைரியம் உள்ளவர்கள் ‘வாழ்க்கைத் துணை’ என்றே எழுதலாம். வங்கியோ இன்ஷூரன்ஸோ, பின்னால் பணம் தரும் இடத்தில் தம்பி என்ற பொய் இருந்தால், தம்பி என்பதை நிரூபி என்பார்கள். அங்கேயே எல்லாம் நின்றுவிடும்.

அவருடைய ஆதாரில் முகவரியை நம் வீட்டுக்கு மாற்றுங்கள். கேஸ் புக் ஒருவர் பெயரில், கரண்ட் பில் இன்னொருவர் பெயரில் இருந்தால் நல்லது. ஒரே வீட்டில் இருக்கிறோம் என்பதற்கு இவைதான் சாட்சி.

உயில்

இதுதான் பெரிய வேலை. மற்றது எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

உயில் இல்லாமல் நாம் போய்விட்டால் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழில் டெய்லர் மாதிரி ஒருவர் பெயர் வரவே வராது. இந்து வாரிசுச் சட்டப்படி கல்யாணம் ஆகாத ஆணுக்கு முதலில் அம்மா, அம்மா இல்லையென்றால் அப்பா, பிறகு கூடப்பிறந்தவர்கள். 30 வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் அந்த வரிசையில் துணைவருக்கு இடம் கிடையாது. ஆண் பெண் தம்பதி மாதிரி இங்கே கல்யாணம் பதிவு செய்யவும் வழி இல்லை. 2023 அக்டோபர் 17-ம் தேதி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட் அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், உங்கள் முன்னால் அவர்களும் போட வேண்டும். சொத்து யாருக்குப் போகிறதோ அவர் சாட்சியாக நிற்கக் கூடாது. நின்றால் உயிலையே சந்தேகப்பட இடம் கொடுக்கும். இந்தத் தப்பை ஆசையில் பலர் செய்கிறார்கள், ‘நீயும் ஒரு கையெழுத்துப் போடுப்பா’ என்று. பதிவு செய்வது கட்டாயம் இல்லைதான், ஆனால் நம்மைப் போன்றவர்கள் அவசியம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். உறவுக்காரர் யாராவது நாளைக்கு ‘அவன் சுயநினைவில் எழுதவில்லை, மயக்கி எழுதி வாங்கிவிட்டான்’ என்று வருவார். பதிவு செய்த உயிலும், அதே வாரத்தில் ஒரு டாக்டர் கொடுத்த ‘தெளிவான மனநிலையில் இருக்கிறார்’ என்ற சான்றும் அந்த வாயை அடைக்கும்.

சாட்சிக்கு நான் கேட்டது எங்கள் பழைய சுபேதார் சாப்பை. கோத்தகிரி ரோட்டில் இருந்தார். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். சாட்சி உயிலைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் படித்தார். டெய்லர் பெயர் வந்த வரியில் விரலை வைத்தார்.

‘இது யாரு உனக்கு?’

‘என் கூட இருக்கிறவர், சாப்.’

‘எத்தனை வருஷமா?’

‘பத்து, சாப்.’

கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்தார். கேத்தி பள்ளத்தாக்கில் பனி ஏறிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்துத் தன் நம்பர், ரேங்க், பெயர் என்று பட்டாளத்து வரிசையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு, ‘காப்பி எத்தனை எடுத்தே?’ என்று கேட்டார். இரண்டு என்றேன். ‘நாலு எடு. ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்.’

அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் நான் அழுதேன். ரெஜிமெண்டில் எனக்கு மேலே இருந்த ஒருவர் அந்தப் பெயரைப் படித்துவிட்டு முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டது, எனக்குக் கிடைத்த மெடல் எதையும் விடப் பெரிசு.

உறவுக்காரரிடம் முன்கூட்டியே பேச முடிந்தால் பேசுங்கள். என் அக்காவுக்கு வீடு தன் மகனுக்கு வரும் என்ற எண்ணம் இருந்தது. ‘எனக்கு உங்க விஷயம் புரியலடா தம்பி, ஆனா ஐசியூ படிக்கட்டுல அந்தப் புள்ள நனைஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்’ என்றாள். அதற்குப் பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: டெய்லர் உயிரோடு இருக்கிறவரை வீட்டில் இருக்க, அனுபவிக்க உரிமை அவருக்கு, அவர் காலத்துக்குப் பிறகு வீடு என் மருமகனுக்கு. இதை ஆயுட்கால அனுபோக உரிமை என்று உயிலில் எழுதலாம். வழக்கே வராமல் இருக்க இது நல்ல வழி. உறவே இல்லை, அடிதடிதான் மிச்சம் என்றால் முழுசாகத் துணைவருக்கே எழுதிவிடுங்கள்.

பவர் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சில பேர் நினைக்கிறார்கள். நாம் இறந்த நிமிஷமே அந்தப் பவர் செல்லாமல் போய்விடும். அதை நம்ப வேண்டாம்.

வங்கியும் பென்ஷனும்

பென்ஷன் வரும் கணக்கைத் தொடாதீர்கள்; அதில் மனைவியை மட்டும்தான் சேர்ப்பார்கள். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கை இருவர் பெயரிலும், ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்’ என்ற முறையில் தொடங்குங்கள். மாதம் பென்ஷன் வந்ததும் செலவுப் பணத்தை அதற்கு மாற்றுங்கள். கிளார்க் தயங்கினால் 2024 ஆகஸ்ட் 28-ம் தேதி மத்திய நிதிச் சேவைகள் துறை வெளியிட்ட அறிவிப்பைச் சொல்லுங்கள்: எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்கு தொடங்கவும், துணைவரை நாமினி போடவும் எந்தத் தடையும் இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு நாமினி வரை போடலாம் என்றும் ஆகியிருக்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள், சொந்தக்காரர் அல்ல. உயிலிலும் அதே பெயர் இருந்தால்தான் பணம் அவருடையது.

இனி பென்ஷன். எனக்கு மனைவி இருந்து நான் செத்தால், கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் அவளுக்குச் சாகும்வரை குடும்பப் பென்ஷனாக வரும். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவத் திட்டத்தின் இசிஹெச்எஸ் கார்டு வரும். டெய்லருக்கு ஒரு ரூபாய் வராது. உயிலில் எழுதினாலும் வராது, ஏனென்றால் குடும்பப் பென்ஷன் என் சொத்து அல்ல, விதிப்படி அரசு கொடுப்பது. என்னோடு ஒரே பங்கரில் படுத்தவனுடைய மனைவிக்கு உள்ள உரிமை, என் வீட்டில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவருக்கு இல்லை. நான் எல்லையில் நின்ற நாட்கள் அவன் நின்ற நாட்களைவிடக் குறைவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஆறுதலே கிடையாது.

அதற்காகச் சும்மா இருக்க வேண்டாம். இறக்கும் தேதிவரை நமக்கு வரவேண்டிய பென்ஷன் நிலுவை என்று ஒன்று இருக்கிறது. அது குடும்பப் பென்ஷன் அல்ல. ராணுவப் பென்ஷன் இணையதளமான ஸ்பர்ஷில் அதற்கான நாமினி பகுதியில் துணைவர் பெயரைக் கொடுத்து விண்ணப்பியுங்கள். ஏற்றுக்கொண்டால் நல்லது. மறுத்தால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் இதே மாதிரி மனு கொடுத்துச் சீல் வைத்த நகல் வாங்குங்கள். வாயால் சொன்ன மறுப்பு காற்றோடு போய்விடும், எழுத்தில் உள்ள மறுப்புதான் நாளைக்குக் கோர்ட்டில் ஏறும்.

மருத்துவமனை, மரணம்

வாய் பேச முடியாத நிலை வந்தால் சிகிச்சையைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். சுப்ரீம் கோர்ட் 2018-ல் அனுமதித்து, 2023 ஜனவரியில் எளிமையாக்கியது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசடட் அதிகாரி முன்னால் கையெழுத்து, அவ்வளவுதான். தீராத நோயில் செயற்கையாக உயிரை இழுத்துக்கொண்டிருக்கும் கட்டத்துக்கு அது. மனநலச் சிகிச்சைக்கு இன்னும் சுலபம். 2017-ம் வருஷச் சட்டப்படி சாதாரணத் தாளில் எழுதி, உறவு அல்லாத ஒருவரையும் நம் பிரதிநிதியாக நியமிக்கலாம். தூக்கத்தில் கத்தி எழும் பழக்கம் உள்ள பட்டாளத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். வெட்கப்படாமல் எழுதி வையுங்கள்.

இறுதிச் சடங்கை உயிலுக்குள் எழுதாதீர்கள். உயிலைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள்: என் உடலை இன்னார் வாங்க வேண்டும், கொள்ளி இன்னார் வைக்க வேண்டும், எரிக்க வேண்டுமா புதைக்க வேண்டுமா. அதன் நகல் வார்டு மெம்பரிடம் ஒன்று, மருத்துவமனை ஃபைலில் ஒன்று. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவர் உடலைப் பெறலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. அந்தச் செய்திக்குறிப்பையும் அச்சடித்துக் கடிதத்தோடு பின் அடித்து வைத்தேன். ரேஷன் கார்டில் துணைவரை ஒரே குடும்பமாகக் கொள்ளச் சொன்னதும் அதே சமயத்தில்தான்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் 2025 மே மாதம் வந்த தீர்ப்பை வக்கீலிடம் கேட்டு ஒரு பிரதி வாங்குங்கள். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் வி. லட்சுமிநாராயணனும் இரண்டு பெண்கள் வழக்கில், கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றார்கள். போலீஸ்காரரிடமும் ஆஸ்பத்திரியிலும் காட்ட நம்மிடம் உள்ள பலமான காகிதம் அது.

வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு

தொண்ணூறுகளில் எங்கள் கம்பெனியில் ஒரு சிப்பாயை இந்தக் காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் காரணம் அப்படி எழுதவில்லை. சேவை இனித் தேவையில்லை என்று முடித்துவிட்டார்கள். எட்டு வருஷச் சர்வீஸ். பென்ஷனுக்கு 15 வருஷம் வேண்டும். நான் அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்படிப் போனவர் யாராவது இதைப் படித்தால்: டிஸ்சார்ஜ் புக்கில் வெளியேற்றிய காரணமும் விதி எண்ணும் இருக்கும், பாருங்கள். ராணுவ விதி 13 என்று இருந்தால் அது நிர்வாக உத்தரவு. உங்கள் ரெக்கார்ட் ஆபீசுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டு, உங்கள் சர்வீஸ் ஆவணங்களின் நகலையும் விசாரணைக் காகிதங்களையும் கேளுங்கள். நம்பர், பெயர், சேர்ந்த தேதி சரியாக இருக்கட்டும். பதிலுக்கு 30 நாள். ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. 6 மாதக் கெடு என்றாலும் தாமதத்தை மன்னிக்கக் கேட்க வழி உண்டு. ஜெயிக்கும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் காகிதம் கையில் இருக்க வேண்டும்.

ஏன் என்றால், வெளிநாட்டில் ஜெயித்தவர்களும் இதே மாதிரிதான் பல வருஷம் காத்திருந்தார்கள். பிரிட்டனில் 2000 ஜனவரி வரை நம்மைப் போன்றவர்களைத் துரத்தினார்கள், மெடலைப் பிடுங்கினார்கள். நாலு பேர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய் 1999-ல் ஜெயித்ததால்தான் தடை போனது. 2023 ஜூலையில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் ஏழரைக் கோடி பவுண்டு ஒதுக்கி, வெளியேற்றப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 50,000 பவுண்டு என்று அறிவித்தார்கள். அமெரிக்காவில் வியட்நாமில் சண்டை போட்ட லெனர்ட் மாட்லோவிச் 1975-ல் வெளியேற்றப்பட்டார், 1988-ல் இறந்தார். அவர் கல்லறையில் அவர் பெயரையே போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு ஆண்களைக் கொன்றதற்கு மெடல் கொடுத்தார்கள், ஒருவரை நேசித்ததற்கு வெளியே அனுப்பினார்கள் என்று இருக்கும். அந்த நாட்டில் தடை முழுசாகப் போனது 2011 செப்டம்பர் 20-ம் தேதி. அதைப் பார்க்க அவர் இல்லை.

காகிதங்களை மலையில் எப்படிக் காப்பது

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது தேவைப்படாது. இங்கே ஜூன் முதல் நவம்பர் வரை எல்லாம் பூஞ்சை பிடிக்கும். என் டிஸ்சார்ஜ் புக்கின் அட்டை ஒரு மழைக்காலத்திலேயே பச்சையாகி, மை பரவிவிட்டது. இப்போது வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதிய என் பழைய கறுப்பு டிரங்குப் பெட்டியில்தான் எல்லாம். சிமெண்ட் தரையில் பெட்டியை வைக்காதீர்கள். அடியில் இரண்டு பலகைத் துண்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சமையலறைப் பக்கத்துச் சுவர் ஓரம். ஒவ்வொரு காகிதத்தையும் தனித்தனி பிளாஸ்டிக் கவரில் போடுங்கள், ஆனால் வெயில் அடிக்கிற நாளில் காய்ந்த காகிதத்தை மட்டும் போட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பதிவு அலுவலகத்தில் வாங்க மாட்டேன் என்பார்கள். சாவி இரண்டு: ஒன்று என்னிடம், ஒன்று டெய்லரிடம்.

நவம்பரில் உயிர்ச் சான்று கொடுத்துவிட்டு வரும் அன்றைக்கே பெட்டியைத் திறந்து வெயிலில் காய வைத்து, நாமினி பெயர் பாஸ்புக்கில் சரியாக இருக்கிறதா, சாட்சிகளின் போன் நம்பர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம். போன நவம்பரில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், சுபேதார் சாப் அந்த வருஷம் இறந்துபோனது நினைவுக்கு வந்தது. சாட்சி இறந்தால் உயில் செல்லாமல் போகாது, ஆனால் நிரூபிப்பது சிரமம். அதனால் நம்மைவிட இளையவர் இருவரைச் சாட்சியாக வைத்து மறுபடி எழுதுகிறோம். இந்தத் தடவை டெய்லரும் தன் உயிலை எழுதுகிறார். அவருடைய தையல் மெஷின் இரண்டையும் தன்னிடம் வேலை கற்ற பெண்ணுக்குக் கொடுக்க வேண்டுமாம். வங்கிப் பணத்துக்கு நேராக என் பட்டாளத்து நம்பரை எழுதி, அதன் பக்கத்தில் ரேங்கையும் எழுதலாமா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.